உதவி மையம்: பாடநூலுக்கு முழு மதிப்பெண், தேர்வுக்குப் பாதி

எனக்குப் பார்வை மிகக் குறைவு. பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையத்தை நான்கு பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

பாடநூல் வேலையில் இவர்களை மனதாரப் பாராட்டுவேன். வகுப்பில் தரும் பிடிஎஃப் பல நேரம் வெறும் ஸ்கேன் படம்தான், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் மென்பொருள் அதில் ஒரு சொல்லைக்கூட வாசிக்காது. என்விடிஏ விசையோடு ஆர் அழுத்தினால் விண்டோஸ் எழுத்தைக் கண்டுபிடித்துத் தரும், சரி, ஆனால் அட்டவணை வந்தால் எண்கள் எல்லாம் குழம்பிவிடும். மையத்தில் இருக்கும் அக்கா அதையே வேர்ட் கோப்பாக்கி, தலைப்புகளைத் தலைப்பு என்றே குறியிட்டு, ஒவ்வொரு வரைபடத்துக்கும் இரண்டு வரி விளக்கம் எழுதி அனுப்புகிறார். இப்போது அடுத்த தலைப்புக்குத் தாவும் எச் விசையைத் தட்டித் தட்டி அத்தியாயம் தாண்டுகிறேன். முன்பு இதற்கே ஒரு மாலை போய்விடும்.

தேர்வு விஷயம்தான் வருத்தம். மாறாத குறைபாட்டுக்கு ஒவ்வொரு பருவமும் புதிதாகச் சான்றிதழ் ஏன் கேட்க வேண்டும்? போன முறை கூடுதல் நேரத்துக்கு ஒப்புதல் கிடைத்தும் கடிதம் தேர்வுப் பிரிவுக்குப் போகவில்லை, தேர்வு தொடங்கிய பிறகு வராந்தாவில் நின்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம், நான் சொல்லும் விடையை எழுத வந்த எழுத்தருக்கு சிக்மா குறியீடே தெரியாது, அதன் வடிவத்தை விரலால் மேசையில் வரைந்து காட்டினேன்.

புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரமே விண்ணப்பியுங்கள். ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருங்கள், எழுத்தர் உங்கள் பாடம் படித்தவரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.