தாளுக்கு ஆளா, ஆளுக்குத் தாளா?

அப்பா இறந்த பிறகு 8 மாதம் எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. இரவு 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். விடிகிறவரை அதே நினைப்பு செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருக்கும். மனநல ஆலோசகரிடம் போவது என்று முடிவெடுத்த பிறகுதான் அதிலும் இரண்டு வழி உண்டு என்று தெரிந்தது. ஒன்று, 12 அமர்வுக்கு முன்கூட்டியே திட்டம் வகுத்து, வாரம் ஒரு பயிற்சித் தாளோடு நடத்துவது. இன்னொன்று, வந்தவர் யார், எதற்காக வந்திருக்கிறார் என்று பார்த்து, அவருக்கேற்ப வழியை மாற்றிக்கொண்டே போவது. முதல் வழியில் 7 அமர்வு உட்கார்ந்தேன். இரண்டாவதில் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஆபத்து, சட்டத்தின் கட்டாயம் போன்றவை இருந்தாலொழிய பேசியது வெளியே போகாது என்பது இரண்டிலும் உண்டு. இரண்டிலும் அமர்வு 50 நிமிடத்தை ஒட்டித்தான். திட்டமிட்ட முறையில் எப்போது முடியும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும், மற்றதில் தெரியாது. பணத்தை எண்ணிச் செலவழிக்க வேண்டியவருக்கு இது சின்ன விஷயமில்லை.

திட்டமிட்ட முறை என்று நான் சொல்வது அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை, அதாவது சி.பி.டி.யை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வு உள்ளவர்களிடம் கவனித்தவற்றிலிருந்து வளர்ந்தது அது. எனக்குத் தந்த தாளில் கட்டங்கள் இருந்தன: என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடிய எண்ணம், உணர்ச்சி நூற்றுக்கு எவ்வளவு, அந்த எண்ணத்துக்கு ஆதரவான சான்று, எதிரான சான்று. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று நினைத்துக்கொண்டே இருப்பவருக்கு இந்தத் தாள் நிஜமாகவே கைகொடுக்கும். நான் எழுதிய எண்ணமோ, ‘கடைசி நாளில் அப்பாவைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்’ என்பது. எதிரான சான்று? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போயிருக்க வேண்டியதுதானே. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு நீட்டினேன். ஆலோசகர் பார்த்துவிட்டு, “வீட்டில் யோசித்துப் பாருங்கள்” என்றார். அடுத்த வாரம் வேறு தாள் வந்தது. திட்டப்படி அது தூக்கத்துக்கான வாரம்.

7ஆவது அமர்வுக்குப் பிறகு நான் போகவில்லை. காரணமும் சொல்லவில்லை. இப்படி நழுவுவது நான் மட்டும் இல்லை. 669 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்றில், பேச்சுச் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

இரண்டாவது ஆலோசகர் முதல் நாள் கேட்ட முதல் கேள்வியே, “முன்பு போனீர்களே, அங்கே எது உங்களுக்கு ஒட்டவில்லை?” என்பதுதான்.

என் கணக்கில் இந்த ஒப்பீட்டைத் தீர்மானிப்பது இதுதான். எந்த முறை என்பதைவிட, அது சரிப்படாதபோது அந்த அறையில் என்ன நடக்கிறது என்பது. எந்த ஆலோசகரோடும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பேச்சு தடம் மாறும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்க வேண்டும். வந்தவர் தானாகச் சொல்வார் என்று நம்பக் கூடாது. எங்களில் பலர் ஆலோசகர் மனம் நோகுமே என்று, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் படியிறங்குகிறவர்கள்.

இவர் கையாண்ட வழி எளிது. ஒவ்வொரு அமர்வும் முடிய 5 நிமிடம் இருக்கும்போது ஒரு சிறு தாளை எடுத்து வைப்பார். அதில் 10 சென்டிமீட்டர் நீளத்தில் 4 கோடுகள். நான் சொன்னதைக் கேட்டாரா, நான் பேச விரும்பியதைப் பேசினோமா, பேசிய விதம் எனக்குப் பொருந்தியதா, மொத்தத்தில் எப்படி. கோட்டில் ஓர் இடத்தில் குறி போட வேண்டும். பிறகு அளவுகோல் வைத்து அளப்பார். முதல் தடவை எனக்குச் சிரிப்புதான் வந்தது. தையற்காரரிடம் நிற்பதுபோல இருந்தது. ஆனால் 1979இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின், ஆலோசகரும் வந்தவரும் சேர்ந்து வேலை செய்யும் உறவை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையே உள்ள பிணைப்பு. அந்தக் கோடுகள் அளப்பது ஏறக்குறைய இவற்றைத்தான்.

4ஆவது வாரம் இரண்டாவது கோட்டில் என் குறி 6இல் நின்றது.

“போன வாரம் 9 இருந்ததே?”

“பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன்: “இன்று முழுக்கத் தூக்கத்தைப் பற்றியே பேசினோம். நான் அப்பாவைப் பற்றிப் பேச வந்தேன்.”

அடுத்த வாரம் தூக்கக் குறிப்பேடு மேசைமேல் இல்லை. அந்தக் கடைசி நாளைக் காலையிலிருந்து மணி மணியாகச் சொல்லச் சொன்னார். அலுவலகம் போனது, ஆண்டுக் கணக்கு முடித்தது, பிற்பகல் 4 மணிக்கு அப்பாவோடு தொலைபேசியில் பேசியது. “என்ன பேசினீர்கள்?” என்று கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் நினைவு வந்தது. கிளம்பி வரட்டுமா என்று நான் கேட்டிருக்கிறேன். “இன்றைக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நிதானமாக வா” என்று அப்பாதான் சொல்லியிருக்கிறார். இத்தனை மாதமாக அந்த ஒரு வாக்கியம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. நான் வெறுமையாக விட்டேனே ஒரு கட்டம், அதில் எழுத வேண்டியது அதுதான்.

இதை வைத்து சி.பி.டி.யைக் குறை சொன்னால் அது நியாயமாகாது. அமர்வின் முடிவில் வந்தவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது பெக் வகுத்த முறையிலேயே உண்டு. தாளைத் தாளாகவே நடத்தியதுதான் எனக்கு நேர்ந்தது. மறுபக்கம், ஆளுக்கேற்ற அணுகுமுறை என்ற பெயரில் வெறும் அரட்டையாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. எங்களுக்கே அப்படி 2 மாதம் போனது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 என்ற 9 கேள்விப் படிவத்தை மாதம் ஒருமுறை நிரப்புவேன். 0 முதல் 27 வரை மதிப்பெண்; எண் கூடினால் சோர்வு அதிகம். 14இலிருந்து 9க்கு இறங்கிய எண் அங்கேயே நின்றுவிட்டது. அதைக் காட்டித்தான் இருவரும் இலக்கை மறுபடி பேசி வைத்தோம். எண் எதுவுமே இல்லாமல், போகப் போகப் பார்க்கலாம் என்பவரிடம் நான் போகமாட்டேன்.

என் அனுபவம் துக்கத்தோடும் தூக்கத்தோடும் நிற்கிறது. என் தோழிக்குப் பூட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் கட்டாயம் இருந்தது. ஒரு வருடம் இதமாகப் பேசியும் அது அசையவில்லை. ஒரு முறை மட்டும் பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல், பதற்றம் தானாகத் தணிகிறவரை பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சைதான் அவரை மீட்டது. அந்த வகைச் சிக்கலுக்கும் குறிப்பிட்ட ஒன்றின் மேலான அச்சத்துக்கும் திட்டமிட்ட முறையின் பக்கமே ஆதாரம் வலுவாக இருக்கிறது; அங்கே என் சாய்வை யாரும் பின்பற்ற வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இந்த ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றவர்கள் முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி கேட்கலாம்: “இது எனக்கு உதவவில்லை என்றால் உங்களுக்கு எப்படித் தெரியவரும்?” முறையின் பெயரை வைத்துப் புரிந்துகொள்வதைவிடப் பதிலில் அதிகம் புரியும். முதலாமவரிடம் நான் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் தாளை மடித்து வைத்திருப்பாரோ என்னவோ.