படபட ஜம்ப் கட்டா, நீள ஷாட்டா: எது நம்மை யோசிக்க விடுகிறது?

ஒரே பேச்சைப் படம் பிடித்து இரண்டு விதமாக எடிட் செய்து பாருங்கள். ஒன்றில் மூச்சு வாங்கும் இடம், "ம்..." என்று இழுக்கும் இடம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நடுநடுவே ஜூம், எழுத்து, சத்தம் சேருங்கள். இன்னொன்றில் பேசுபவரை அப்படியே விட்டுவிடுங்கள். பெரும்பாலும் முதலாவதில்தான் கண் நிற்கும். ஆனால் முடிந்ததும் அதில் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டால்? அங்கேதான் எனக்கு இப்படி இடைவெளிகளை வெட்டித் தாவும் ஜம்ப் கட் பாணியோடு சண்டை.

கண் நிற்பதற்குக் காரணம் எளிது. எதிரே ஏதாவது சட்டென்று மாறினால் "என்ன அது?" என்று உடம்பு தானாகத் திரும்பும், இதை ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் காலத்திலேயே கவனித்துவிட்டார்கள். ஒவ்வொரு வெட்டும் அந்த அனிச்சையைத் தட்டி எழுப்புகிறது, விஷயம் நமக்குப் பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். ஆனி லாங் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்: வெட்டுகள் கூடக் கூட ஓர் அளவுவரை கவனமும் நினைவும் கூடுகின்றன, ஆனால் சொல்லும் விஷயமும் கனமாக இருந்து வெட்டும் வேகமாக இருந்தால் மூளை திணறி நினைவு சரிகிறது. அதனால் லேசான விஷயத்துக்கு வேகம் சரி, ஒரு கணக்கையோ சட்டத்தையோ விளக்க அது வேண்டாம் என்பேன்.

நீள ஷாட், அதாவது வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுப்பது, இதற்கு நேர் எதிர். எங்கே பார்ப்பது என்பதைப் பார்ப்பவரிடமே விட வேண்டும் என்று பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் வாதாடியது இதற்காகத்தான். பழுது பார்க்கும் வீடியோவில் இதன் அருமை தெரியும். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பினார் என்று நாம் பார்க்க வேண்டிய அந்த ஒரு நொடியைத்தான் வேக எடிட்டிங் தூக்கி எறிந்திருக்கும். நீள ஷாட்டில் கை எப்படிப் போகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதுவரை கிடைக்கும். சலிப்பும் வரும், மறுக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் மூன்றிலும் வலுவானது: வெட்டே தெரியாத எடிட்டிங். ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டனை அழுத்துங்கள் என்று சொல்லிவைத்து டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 2008இல் செய்த சோதனையில், ஓர் அசைவின் நடுவே வெட்டி அடுத்த ஷாட்டில் அதே அசைவைத் தொடர்ந்த இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றைப் பார்த்தவர்கள் தவறவிட்டார்கள். அதே ஆண்டில் வெளியான நரம்பியல் ஆய்வாளர் ஊரி ஹாசன் குழுவின் ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சிப் படம் ஒன்றைப் பார்த்தபோது மூளையின் மேலடுக்கான புறணியில் சுமார் 65 சதவீதப் பகுதி பார்வையாளர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இயங்கியது, ஒரு பூங்காவை வெட்டே இல்லாமல் எடுத்த காட்சிக்கு அது 5 சதவீதத்துக்கும் கீழே. அதாவது நம் கண்ணையும் எதிர்பார்ப்பையும் வேறொருவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார், நமக்கு அது உறுத்துவதே இல்லை.

கதைப் படத்தில் அது இன்பம். பேட்டியில் எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் சொல்பவருக்கு நடுவே கேட்பவர் தலையாட்டும் ஷாட் வருகிறதே, அதைப் பேட்டி முடிந்த பிறகு தனியாக எடுத்துச் சேர்ப்பது பழைய வழக்கம்; அதன் அடியில் பதிலை வெட்டினாலும் நமக்குத் தெரியாது. ஒரே முகத்தை உணவுத் தட்டோடும் சவப்பெட்டியோடும் ஒட்டினால் பார்ப்பவர் அதில் பசியையும் துக்கத்தையும் படித்துக்கொள்வார் என்று ரஷ்யத் திரைப்பட இயக்குநர் குலெஷோவ் நூறு ஆண்டுக்கு முன்பே சொன்னார். ஜம்ப் கட்டிலாவது இங்கே ஏதோ வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது, அந்த ஒரு விஷயத்தில் அது நேர்மையானது.

குழந்தைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2011இல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒன்பது நிமிடம் வேகமான கார்ட்டூன் காட்டியதும், அடுத்து வந்த கவனக் கட்டுப்பாட்டுச் சோதனைகளில் அவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் அந்த ஆய்வை நடத்தியவரே வேறு சிலரோடு சேர்ந்து 2015இல் தொடர்ந்து பார்த்தபோது, வேகத்தைவிட நடக்கவே முடியாத மாயக் காட்சிகள்தான் காரணம் என்று தெரிந்தது. அதனால் எல்லாப் பழியையும் வெட்டின் தலையில் போடக் கூடாது.

விளக்க வீடியோ செய்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். புதிய எண்ணோ புதிய சொல்லோ வந்த உடனே இரண்டு நொடி வெட்டாமல் விடுங்கள். எடிட்டிங் திரையில் உள்ள டைம்லைனில் அது காலி இடமாகத் தெரியும். பார்ப்பவர் அந்த நேரத்தில்தான் "அப்படியென்றால்..." என்று மனதுக்குள் ஆரம்பித்திருப்பார்.