மஞ்சள் தூளா, சைக்கிள் டியூபா? நடுவழிக் கார் வைத்தியங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியாருக்குக் கொஞ்சம் முன்னால், என் வண்டியின் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. ரேடியேட்டரின் மேல் ஹோஸில், கிளிப்பை ஒட்டி ஒரு கீறல். அதிலிருந்து தண்ணீர் ஊசி மாதிரி பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து, "ஏனுங்க, மூடியில கைய வெச்சராதீங்க" என்றார். அடுத்த கேள்வி, "மஞ்சத்தூள் இருக்குதுங்களா?" அதற்குள் அவருடைய கிளீனர் பையன் சீட்டுக்கடியிலிருந்து பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை உருவிக்கொண்டு வந்துவிட்டான்.

அன்றைக்குப் பையன் சொன்னதுதான் சரி. ஆனால் லாரிக்காரர் சொன்னதும் தப்பில்லை. அது வேறு நோய்க்கான மருந்து.

மஞ்சள் தூள் வேலை செய்வது ரேடியேட்டருக்குள்ளேதான். தண்ணீரோடு சுற்றும் தூள், ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியே போகப் பார்த்து, அங்கேயே சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. குண்டூசி முனை அளவுக் கசிவுக்கு இது கேட்கும். ஹோஸ் கிழிந்திருந்தால் கிலோக் கணக்கில் கொட்டினாலும் பிரயோஜனம் இல்லை. அம்பாசடர் காலத்து ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும். மஞ்சள் போட்டு ஊர் போய்ச் சேர்ந்து, அப்புறம் கழற்றிக் கழுவி ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம். இன்றைய ரேடியேட்டர்கள் அலுமினியம், அதன் குழாய்கள் குறுகல், பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். ஓட்டையை அடைத்த தூள் அதோடு நிற்காமல் அந்தக் குழாய்களிலும் ஹீட்டர் குழாய்களிலும் போய் உட்காரும். பத்து ரூபாய்ப் பாக்கெட்டால் வந்த அடைப்பை எடுக்க மெக்கானிக்கிடம் ஒரு நாள் வண்டியை விட வேண்டியிருக்கும். முட்டையின் வெள்ளைக்கரு வைத்தியமும் இதே ரகம்தான்: சூட்டில் வெந்து அடைக்கும், அப்புறம் நாறும். நடுக்காட்டில் வேறு வழியே இல்லையென்றால் மஞ்சள் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன். முட்டையை ஆம்லெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் டியூப் ஹோஸுக்கு மட்டும்தான் உதவும், ஆனால் எதையும் கெடுக்காது. நாங்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மூடியால் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணம் கொதித்து முகத்தில் அடிக்கும். லாரிக்காரர் முதலில் சொன்னது அதற்காகத்தான். ஆறிய பிறகு பையன் ஹோஸைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்தான். டியூபை மூன்று விரல் அகலத்துக்கு நீளவாக்கில் கீறி, பலங்கொண்ட மட்டும் இழுத்து இழுத்து, ஒரு சுற்று அடுத்த சுற்றைப் பாதி மூடும்படி சுற்றினான். விஷயமே அந்த இழுப்பில்தான் இருக்கிறது: இழுபட்ட ரப்பர் சுருங்கப் பார்க்கும், அந்த இறுக்கம்தான் கசிவை நிறுத்துகிறது. முனைகளில் கட்டுக்கம்பி. தண்ணீர் ஊற்றி, மூடியை முழுசாக இறுக்காமல் விட்டான், உள்ளே அழுத்தம் ஏறாதபடி. அழுத்தம் இல்லையென்றால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பதால் மலை ஏறும் ஆசையை விட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி மேட்டுப்பாளையத்துக்கே இறங்கினேன். ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துக்கொண்டேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். சட்டை நனைந்துவிட்டது, முள் நடுவைத் தாண்டவில்லை.

ஓட்டை அடைக்கும் எம்-சீல் களிம்பை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு களிம்பையும் சம அளவில் பிசைந்து அப்பி, இறுகுவதற்குப் பொறுமையாக நேரம் கொடுத்தால் கல் மாதிரி ஆகும். அந்தக் கல்தனம்தான் ஹோஸில் சிக்கல்: ரப்பர் வளையும், இது வளையாது, உரிந்து வந்துவிடும். ஈரத்திலும் எண்ணெய்ப் பசையிலும் ஒட்டாது. ரேடியேட்டர் தொட்டியில் மயிரிழை விரிசல் என்றால், உப்புத்தாளால் தேய்த்துக் காயவைத்து, இரவு முழுக்க விட்டால் சில நாள் தாங்கும். வீட்டு வாசலில் செய்யலாம், ரோட்டோரத்தில் முடியாது.

பெட்ரோல் டாங்க் கசிவில் மட்டும் எம்-சீலைவிட சலவை சோப்புக் கட்டிக்கு என் ஓட்டு. சோப்பு பெட்ரோலில் கரையாது. அதனால் கசிந்துகொண்டிருக்கும்போதே தேய்த்து அடைக்கலாம், காயவைக்கத் தேவையில்லை. எதிரி மழைதான், ஈர ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போனால் கரைந்துவிடும். பக்கத்து ஒர்க் ஷாப் வரைக்கும்தான் சோப்பு. பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் சோப்பையும் போட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள்.

பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளை-பச்சைப் பொடிக்கு கோலா ஊற்றுவதை நிறைய பேர் செய்கிறார்கள். கரைக்கத்தான் செய்கிறது, அதில் அமிலம் இருக்கிறதே. அப்புறம் சர்க்கரைப் பிசுக்கு, எறும்பு. வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஊற்றினால் நுரைத்து, அமிலத்தையும் முறித்துவிடும், பைசா செலவும் குறைவு. நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின். இதில் போட்டியே இல்லை.

மஞ்சளித்த ஹெட்லைட்டில்தான் நான் தடுமாறியிருக்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பற்பசை, மறுபக்கத்துக்கு 1000, 2000 நம்பர் நீர்த்தாளும் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பாலிஷும் போட்டுப் பார்த்தேன். பற்பசை பக்கம் அரை மணி நேரத்தில் பளிச். இரண்டு மாதத்தில் பழைய குருடி. நீர்த்தாள் பக்கம் மூன்று மணி நேரம் தோள் வலிக்கத் தேய்த்தேன், கூடுதல் நாள் தெளிவாக இருந்தது. ஆனால் தேய்க்கும்போது வெயிலைத் தடுக்கும் மேல் பூச்சும் போய்விடுகிறது, அதன் மேல் புதுப் பூச்சு அடிக்காவிட்டால் அதுவும் மஞ்சளாகும். கொசு விரட்டித் திரவத்தைத் தடவும் வித்தை ஒன்றும் சுற்றுகிறது. டீட் என்ற கொசு விரட்டி ரசாயனம் கலந்த திரவம் அழுக்கை எடுப்பதில்லை, பிளாஸ்டிக்கின் மேல்தோலையே இளக்கி மினுக்குகிறது. கிட்டே கொண்டுபோகாதீர்கள். 15 வருடம் முடிந்து அடுத்த வாரம் ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டப் போகிறவருக்குப் பற்பசை போதும். ராத்திரியில் பைபாஸில் ஓட்டுகிறவர் நீர்த்தாளை எடுக்கட்டும், பூச்சுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.