கனத்த உடலுக்குச் சாய்மான சைக்கிள்: திரையைப் பார்க்காதீர்கள், எடை வரம்பைப் பாருங்கள்

உடற்பருமனோடு முழங்கால் வலியும் உள்ளவர் வீட்டுக்கு ஒரே ஒரு கருவி வாங்குவதென்றால், ட்ரெட்மில்லை விட்டுவிட்டு ரெகம்பன்ட் பைக் எனப்படும் சாய்மான சைக்கிளையே வாங்கலாம். சமதரையில் நடந்தாலே முழங்காலில் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு சுமை ஏறும். சாய்மான சைக்கிளில் எடையை இருக்கை வாங்கிக்கொள்கிறது, முதுகுக்கும் பிடிமானம் கிடைக்கிறது. நடுவில் குறுக்குச் சட்டம் இல்லாத மாடலாக எடுத்தால் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டாம்.

வீட்டு மாடல்கள் பல 110 முதல் 135 கிலோ வரைதான் தாங்கும். உங்கள் எடைக்கு மேல் 20 கிலோவாவது மிச்சம் இருக்கட்டும். வரம்பை ஒட்டி உட்கார்ந்தால் வண்டி உடனே உடையாது. முதலில் இருக்கை நகரும் தண்டு தளர்ந்து ஆடும், பிறகு பெடல்கள் சுழலும் அச்சைத் தாங்கும் கிராங்க் பேரிங்கில் கடகடவெனச் சத்தம் வரும்.

பொருத்தும்போது பலர் கெடுப்பது இடது பெடலைத்தான். அதன் மரை தலைகீழானது. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் இறுகும். விரலாலேயே மூன்று சுற்று ஏற்றிவிட்டுப் பிறகு ஸ்பேனரை எடுங்கள். முரட்டடியாகத் திருகினால் மரை தேய்ந்து, சில வாரங்களில் பெடல் கழன்று வரும்.

இருக்கை அளவில்தான் பாதி வெற்றி. பெடல் மிகத் தள்ளி இருக்கும் நிலையில் முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். இருக்கை கிட்டே இருந்தால் தொடை வயிற்றில் இடித்து மூச்சு முட்டும், முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். எட்ட இருந்தால் இடுப்பு ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும்.

முதல் வாரம் 5 முதல் 10 நிமிடம், குறைந்த ரெசிஸ்டன்ஸ் (பெடலின் இறுக்கம்), நிமிடத்துக்கு 50, 60 சுற்று போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. அதை எட்ட இரண்டு, மூன்று மாதம் ஆனாலும் தவறில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் மிதமான வேகம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு மெதுவாகவே ஏறும் என்பதால், திரையில் வரும் எண்ணை நம்பவே வேண்டாம். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மூச்சை அடக்கினால் அழுத்தம் எகிறும். விரலைத் தளர்வாக வையுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்கள் ஏறுமுன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 90 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்ட பிறகே தொடங்குங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் பெடல் வாரை இறுக்காமல் விடுங்கள். இறங்கியதும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், புண் வந்தாலும் வலி தெரியாது. தொடை இடுக்கு உரசினால் வாசலின் தடவலாம். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அப்போதே நிறுத்தி மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

குறைகளும் உண்டு. திரையில் காட்டும் கலோரிக் கணக்கு தோராயம்தான். அதை நம்பிக் கூடுதலாகச் சாப்பிடாதீர்கள். கைக்கும் தோளுக்கும் வேலையே இல்லை, எலும்புக்குப் போதிய சுமையும் கிடைக்காது. ஆகவே வாரம் இரண்டு நாளாவது, சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடைத் தராசு அசையவில்லையே என்று கருவியைத் துணி காயப் போட விட்டுவிடாதீர்கள். எடை குறையாதபோதும் கல்லீரல் கொழுப்பு குறையும், தசை சர்க்கரையை உள்ளிழுப்பதும் மேம்படும். மாதம் ஒருமுறை இருக்கை போல்ட்டையும் இரண்டு பெடல்களையும் இறுக்கிவிட்டால் சத்தமில்லாமல் ஓடும்.