செதுக்கு வேலை உள்ள பழைய ஷாட்கன்னை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளை அவற்றின் செதுக்கு வேலைக்காகவே சேர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடந்தால் எவ்வளவு காசு செலவழித்தாலும் பழையபடி ஆக்க முடியாது.

என்னிடம் இருப்பது பர்மிங்காமில் செய்த 12 போர் (குழல் துளையின் அளவு) சைட்லாக், அதாவது சுடும் பொறி இரண்டு பக்கத்து லாக் தகடுகளில் அமைந்த வகை, முதல் உலகப் போருக்கு முந்தையது. பர்டி, ஹாலண்ட் மாதிரி பெரிய லண்டன் பெயர் எதுவும் அதில் கிடையாது. ஆனால் செதுக்கியவர் யாரோ நல்ல கைக்காரர். லாக் தகடு முழுக்க ரோஸ் அண்ட் ஸ்க்ரோல், அதாவது சின்னச் சின்ன ரோஜாக் கொத்துகளும் அவற்றைச் சுற்றி நெருக்கமாக ஓடும் சுருள்களும். ஒவ்வொரு இதழுக்குள்ளும் முடியை விட மெல்லிய நிழல் கோடுகள். தகட்டில் ஓடும் சுருள் ஸ்க்ரூ தலை மேலும் ஏறி அந்தப் பக்கம் இறங்கும், அந்த ஸ்க்ரூக்களின் வெட்டுகள் எல்லாம் குழலோடு ஒரே நேராக நிற்கும். ட்ரிகர் கார்டும் ஆக்‌ஷனின் அடிப்பக்கமும் (குழல்கள் வந்து பூட்டிக்கொள்கிற நடு உலோகப் பாகம்தான் ஆக்‌ஷன்) நன்றாகத் தேய்ந்திருந்தன, கையில் தூக்கிக்கொண்டு நடக்கும்போது விரல் படுகிற இடம் அதுதானே. துப்பாக்கியைத் திறக்கிற மேல் லீவருக்குப் பின்னால் மட்டும் கேஸ் ஹார்டனிங்கின் (எஃகின் மேல்தோலை மட்டும் கடினமாக்கும் முறை) பழைய நீலமும் பழுப்பும் கொஞ்சம் ஒளிந்திருந்தன. எனக்கு அந்தத் தேய்மானம்தான் பிடித்திருந்தது.

இடது எஜெக்டர் தகராறு செய்தது, சுட்ட தோட்டாவைச் சரியாக வெளியே தள்ளவில்லை. பல பேர் சிபாரிசு செய்த ஒருவரிடம் கொடுத்தேன். எஜெக்டரை மட்டும் பாருங்கள், உலோகத்தின் மேல்பரப்பில் கை வைக்க வேண்டாம் என்று நேரில் சொன்னது போதாதென்று எழுதியும் அனுப்பினேன். சரி என்று பதிலும் வந்தது.

திரும்பி வந்த துப்பாக்கி பளபளவென்று இருந்தது. தேய்ந்திருந்த ட்ரிகர் கார்டில் கோடுகள் புதிதாக, ஆழமாக, கறுப்பாக நின்றன. ஆக்‌ஷனின் இரண்டு பக்கமும் நீலமும் பழுப்புமாகப் புலி வரி மாதிரி பட்டைகள். பில்லில் ‘செதுக்கல் புதுப்பித்தது’ என்று ஒரு வரி, ‘நிறம் ஏற்றியது’ என்று ஒரு வரி, இரண்டும் சேர்ந்து எஜெக்டர் வேலைக்கான கூலியைவிட அதிகம். அந்த எஜெக்டர், சொன்னால் சிரிப்பீர்கள், இன்னும் அதே மாதிரிதான் மக்கர் செய்கிறது.

இதில் என்ன குறை, அழகாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மாதிரித் துப்பாக்கிகளில் எஃகு மென்மையாக இருக்கும்போதே செதுக்கு வேலை முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் அந்தப் பாகங்களை எலும்புக்கரி முதலானவற்றோடு பெட்டியில் அடைத்து, உலையில் பழுக்கவைத்து, தண்ணீரில் இறக்குவார்கள். மேலே மெல்லிசாக ஒரு கடினமான தோல் உருவாகும், அந்த நிறங்களும் அப்போது வருபவைதான். அந்தத் தோல் மேல் சிற்றுளி வழுக்கும். ஆகவே மறுபடி செதுக்க வேண்டுமென்றால் வழக்கமாக முதலில் சூடாக்கி அந்தக் கடினத்தைப் போக்குவார்கள். இவர் அதைத்தான் செய்திருக்கிறார். வேலை முடிந்ததும் முறைப்படி மறுபடி ஹார்டன் செய்யாமல் கேஸ் டார்ச்சை வைத்துச் சூடுகாட்டி நிறம் மட்டும் வரவழைத்திருக்கிறார். இன்னொரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டியபோது அவர் மறைவான ஒரு மூலையில் அரத்தை மெதுவாக வைத்துப் பார்த்தார், அரம் கடித்தது. கடினமான தோல் இருந்திருந்தால் சறுக்கிப் போயிருக்கும். சுடும்போது அழுத்தத்தைத் தாங்குகிற பாகம் இது. முறையாகச் சோதிக்காமல் தோட்டா போடாதே என்றார் அவர். ஆக, அதுவரை இதைச் சுடவும் முடியாது.

அப்புறம் பஃபிங் சக்கரம். புதுக் கோடு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பழைய பரப்பைத் தேய்த்துவிட்டார். நிழல் கோடுகள் இருப்பதிலேயே ஆழம் குறைந்தவை, முதலில் அவைதான் போயின. ரோஜா இருக்கிறது, இதழ்களுக்குள் ஒன்றுமில்லை. மேலே ஓரக்கோட்டை மட்டும் ஆழமாக வெட்டி வைத்திருக்கிறார், அதுவும் வளைவுகளில் பழைய வழியை விட்டு விலகி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் வைத்துப் பார்த்தால் ஒரே சுருளுக்கு இரண்டு கோடு தெரிகிறது. பழைய கைவேலையில் ஒரு கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் அகன்று, மறுபடி ஒன்றுமில்லாமல் போய் முடியும். இவர் போட்ட கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி உலோகம் குழிந்துவிட்டது, தயாரிப்பாளர் பெயரின் எழுத்து விளிம்புகள் மழுங்கிவிட்டன, லாக் தகட்டைச் சுற்றியுள்ள மரம் இப்போது தகட்டைவிட ஒரு இழை உயரமாக நிற்கிறது. நல்லவேளையாகக் குழலின் அடியில் இருக்கும் பர்மிங்காம் புரூஃப் முத்திரைகளை (அழுத்தச் சோதனையில் தேறியதற்கான குறிகள்) விட்டுவைத்தார்.

கேட்டதற்கு அவர் சொன்னது: “நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன் சார், எல்லாரும் புதுசு மாதிரி வேணும்னுதானே கேக்குறாங்க.” நான் எழுதி அனுப்பியதை எடுத்துக் காட்டியதும் கேட்காமல் செய்த அந்த இரண்டு வேலைக்கான காசை மட்டும் பில்லிலிருந்து கழித்தார். கெட்டுப்போன பொருளுக்கு என்ன பதில் என்றால் அதற்குப் பேச்சே இல்லை.

ஒன்று மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. புதுசு மாதிரி கேட்கிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள், இப்படி மினுக்கிய துப்பாக்கிகள் ‘செதுக்கல் அப்படியே கூர்மையாக இருக்கிறது’ என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கும் வருகின்றன. நூறு வருடம் பழைய துப்பாக்கியில் மரத்தின் செக்கரிங் (பிடிப்புக்காக வெட்டிய குறுக்குக் கோடுகள்) வழவழவென்று தேய்ந்திருக்கிறது, அதன் பக்கத்திலேயே ட்ரிகர் கார்டு நேற்று வெட்டியது போல இருக்கிறது என்றால் நம்பாதீர்கள். ஸ்க்ரூ தலைச் சுருள் பக்கத்துச் சுருளோடு சேராவிட்டால் அந்த ஸ்க்ரூ மாற்றப்பட்டது, இல்லையென்றால் பரப்பு இழைக்கப்பட்டது. அமெரிக்கத் துப்பாக்கி வாங்குபவர்களுக்கு இதைவிட மோசமான தொல்லை ஒன்று உண்டு. பார்க்கர் போன்றவற்றில் தரம் ஏற ஏற செதுக்கலும் கூடும் என்பதால், கீழ்த்தரத் துப்பாக்கியில் பின்னாளில் யாரையாவது வைத்துக் கூடுதலாகச் செதுக்கி மேல்தரம் என்று விற்கிறார்கள். பார்க்கரில் தரக் குறி ஆக்‌ஷனின் தட்டையான பகுதியில் குத்தப்பட்டிருக்கும், அதையும் வரிசை எண்ணையும் பழைய தொழிற்சாலைப் பதிவோடு ஒப்பிடாமல் காசு கொடுக்கக் கூடாது. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாதிரி நிறுவனங்களிடமும் பழைய பேரேடுகள் இருக்கின்றன.

இத்தாலிய புலினோ வேலை வைத்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஃபிர்மோ ஃபிரகாஸி போன்ற இத்தாலியச் செதுக்குக் கலைஞர்களின் வேலையெல்லாம் சுத்தியல் இல்லாமல் கையால் அழுத்தி வைத்த நுண்ணிய புள்ளிகளும் கோடுகளும்தான். ஃபோட்டோ மாதிரி பறவையின் இறகு தெரியும், ஆனால் ஆழம் கிடையாது. மெட்டல் பாலிஷ் போட்டு அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தால் சக்கரம் இல்லாமலே போய்விடும். (எனக்கென்னவோ அந்த ஃபோட்டோ பறவைகளைவிடப் பழைய ஆங்கிலச் சுருள்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.) வீட்டில் வைத்திருக்க மெல்லிய எண்ணெயும் மிருதுவான துணியும் போதும்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கொடுப்பதற்கு முன் ஒரு பக்கமாக வெளிச்சம் விழும்படி வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், ஸ்க்ரூ தலைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக. செய்ய வேண்டியதை மட்டுமல்ல, பாலிஷ், சூடு, நிறம், செதுக்கல் என்று செய்யக் கூடாததையும் ஒவ்வொன்றாக எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள், என்னிடம் வெறும் ‘சரி’தான் இருந்தது. வேலையை அவரே செய்கிறாரா, வெளியே அனுப்புகிறாரா என்றும் கேளுங்கள். முடிந்தால் முழுத் துப்பாக்கியையும் கொடுக்காதீர்கள். என் விஷயத்தில் எஜெக்டர் பாகம் உட்கார்ந்திருக்கிற முன்கட்டையும் குழல்களும் மட்டும் முதலில் போதுமாயிருந்திருக்கும் என்று அந்த இரண்டாவது மெக்கானிக் சொன்னார். லாக் தகடுகள் வீட்டிலேயே இருந்திருக்கும்.