ஹௌவிக் பக்கத்து மரவீடு: சில ஆண்டுப் பழக்கத்தில் கண்டது

தென்னாப்பிரிக்காவில் ஹௌவிக் ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் அவ்வப்போது போய்த் தங்கும் வாடகை வீடு இது. மரவீடு என்றாலும் மரம் இதைச் சுமக்கவில்லை. பாரத்தைத் தாங்குபவை மரம் உளுத்துப்போகாமல் காக்கும் கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய யூகலிப்டஸ் கம்பங்கள். ஓக் மரம் நடுவில் தளத்தையும் தகரக் கூரையையும் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. மரம் பருக்கப் பருக்க, கூரைத் துளையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பிதுங்கி, பட்டை வழியாக மழைநீர் உள்ளே இறங்குகிறது. கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் குடிநீர் நிலையம் சேதமடைந்து, எங்கள் ஊரான டொங்காட்டில் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். மறு ஆண்டு மின்வெட்டு வேறு தலைவிரித்தாடியது. ஆகவே மரவீட்டின் மழைநீர்த் தொட்டியும் சோலார் விளக்கும் எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. படுத்தியெடுத்தது ஃபிரிட்ஜ்தான்.

எரிவாயுவில் இயங்கும் அந்தப் பெட்டிக்கு மோட்டார் கிடையாது. உள்ளே அம்மோனியாக் கரைசல் தானாகவே வழிந்து சுற்றிவர வேண்டும். பெட்டி சாய்ந்தால் ஓட்டம் தடைப்பட்டுவிடும். ஒரு மழைக்காலத்துக்குப் பின் கம்பம் ஒன்று லேசாக இறங்கியிருந்தது போலும். பால் திரிந்தது, போய்க்கி என்னும் இரும்புச் சட்டியில் சமைக்கவென்று கொண்டுபோன ஆட்டுக்கறி நாறியது. உரிமையாளர் சிலிண்டரை மாற்றினார், பர்னரைத் துடைத்தார், பலனில்லை. என் மனைவி ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பெட்டியின் மேல் வைத்தார். தண்ணீர் ஒரே பக்கமாக ஒதுங்கியது. காலுக்கடியில் மரத்துண்டைச் சொருகினோம். மறுநாள் காலையில் பனிக்கட்டி உறைந்திருந்தது. அந்தத் துண்டு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

வெந்நீருக்கு விறகு மூட்டும் 'டாங்கி' கொதிகலன். நன்றாகவே சுடுகிறது, ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் மலைக்காற்று அனலாய் வீசும் நாள்களில் வெளியே தீ மூட்டத் தடை. புரட்டாசி விரதத்தோடு போனபோது பச்சைத் தண்ணீரில்தான் குளித்தோம். பருப்பும் சோறும் எரிவாயு அடுப்பில் ஆயின. ஜூன், ஜூலையில் புல்மேல் உறைபனி படியும், கம்பளி கட்டாயம்.

மாமியாருக்குச் செங்குத்துப் படிகளைவிட, தண்ணீருக்குப் பதில் மரத்தூள் போடும் கழிவறைதான் ஒத்துவரவில்லை. பெரியவர்களை அழைத்துப் போவதானால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது மே மாதம்: மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், தகரத்தில் ஓக் கொட்டைகள் விழும் சத்தத்துக்குக் காது பழகிவிடும். ஜனவரியில் கடைசி மண்பாதை சேறாகி, சாதாரண கார் ஏறாது. உரிமையாளர் தன் 'பக்கி'யில் (சிறிய பிக்-அப் வண்டி) பயணப் பெட்டிகளை ஏற்றிச் செல்கிறார். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது மட்டும் எனக்கு நியாயமாகப் படவில்லை.