கண் திறக்க முடியாதவரிடமும் பேசும் செவிலியர்கள்: நெல்லையில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு

திருநெல்வேலியில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசைகள் செயலிழந்துபோன என் அண்ணன் அங்கேதான் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார். அந்தப் பிரிவின் செவிலியர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வெளியே காத்திருக்கும் குடும்பத்தை நிர்வாகம் நடத்துகிற விதத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நெல்லை, தென்காசி வட்டாரத்தில் எந்த ஐ.சி.யு. வாசலில் நிற்பவர்களுக்கும் இதில் சில செய்திகள் பயன்படக்கூடும்.

கட்டுவிரியன் கடியின் தன்மையைச் சொன்னால்தான் செவிலியர்கள் செய்த வேலையின் அருமை விளங்கும். இரவில் தரையில் படுத்து உறங்குபவர்களையே அந்தப் பாம்பு பெரும்பாலும் கடிக்கிறது. அதன் பல் மிகச் சிறியது என்பதால் வலியும் வீக்கமும் அவ்வளவாக இருப்பதில்லை. கடிவாய்கூடக் கண்ணில் படாமல் போவதுண்டு. அண்ணன் சேரன்மகாதேவிப் பக்கத்துச் சம்சாரி, அதாவது விவசாயி. பிசான நடவு நேரத்தில் வயலோரத்து மோட்டார் அறையில் படுத்திருந்தவர், விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தார். சற்று நேரத்தில் இமைகள் தாமாகவே கீழே இறங்கின, எச்சிலை விழுங்க முடியவில்லை, பேச்சு குழறியது. அருகிலிருந்த அரசு மருத்துவமனையின் மருத்துவர் இமையைப் பார்த்தவுடனேயே இன்ன பாம்பு என்று கணித்து, விஷமுறிவு மருந்து 10 குப்பிகளை ஏற்றி, தொண்டையில் குழாயைப் பொருத்தி அனுப்பினார். ஆம்புலன்ஸில் வந்த இளைஞர் நெல்லை வரும்வரை கையால் பையை அழுத்தி அழுத்தியே மூச்சுக் கொடுத்தார். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இப்படிக் கையால் பையை அழுத்தித்தான் நோயாளிகளைக் காப்பாற்றினார்கள் என்பதும், இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அதிலிருந்தே பிறந்தது என்பதும் மருத்துவ வரலாறு. அந்த இளைஞரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை; நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த நஞ்சு நரம்பின் நுனிகளைச் சிதைத்துவிடுகிறது. விஷமுறிவு மருந்து, இரத்தத்தில் மிச்சமிருக்கும் நஞ்சைத்தான் முறிக்கும்; சிதைந்த நுனிகளை உடல்தான் சில நாட்களில் மீண்டும் வளர்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டால் போதும், பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடுவார்கள். இதில் கொடுமை என்னவென்றால், மயக்க மருந்தின் பிடி தளர்ந்திருக்கும் நேரமெல்லாம் நோயாளிக்கு நினைவு இருக்கும், காது கேட்கும், ஊசி குத்தினால் வலிக்கும். ஒரு விரலைக்கூட அசைத்துத் தெரிவிக்க முடியாது. கண்மணிகள் வெளிச்சத்துக்குச் சுருங்காமல் விரிந்தே நிற்கலாம். இதை மூளைச்சாவு என்று தவறாக எண்ணிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அந்தப் பிரிவில் இருந்த சிஸ்டர்களும் பிரதர்களும் இதை முழுமையாக உணர்ந்திருந்தார்கள். முதல் நாள் மாலை என்னை உள்ளே விட்டபோது ஒரு சிஸ்டர் அண்ணனின் காதருகே குனிந்து, "அண்ணாச்சி, இப்பம் சளி எடுக்கப் போறேன். மூச்சு முட்டுத மாதிரி இருக்கும். பத்து எண்ணுததுக்குள்ள முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, உண்மையாகவே வாய்விட்டு எண்ணிக்கொண்டே உறிஞ்சுகுழாயைச் செலுத்தினார். ஏழில் வெளியே எடுத்துவிட்டார். பதிலே வராத ஒருவரிடம் இப்படிப் பேசுவது யாரும் கண்காணிக்கிற வேலை இல்லை; கேஸ் ஷீட்டில் குறிப்பதற்கு அதற்கென்று கட்டமும் இல்லை. ஆனாலும் பணிநேரம் மாறி அடுத்தவர் வந்தபோதும் அதே பேச்சு தொடர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும்போது எந்தப் பக்கம் என்று சொன்னார்கள். காலையில் திரையை விலக்கும்போது கிழமையையும் நேரத்தையும் சொன்னார்கள். இமை முழுவதும் மூடாமல் கருவிழி காய்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் களிம்பிட்டு மெல்லிய டேப் ஒட்டும்போது, "கண்ணு காயாம இருக்கதுக்கு ஒட்டுதோம், பயப்படாதிய" என்றார்கள். தலைமாட்டை 30 பாகைக்குமேல் உயர்த்தி வைப்பது, வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வது, குழாயின் காற்றுப்பை அழுத்தத்தைச் சரிபார்ப்பது ஆகியவை நிமோனியாவைத் தடுக்கும் வழக்கமான பணிகள். அவற்றிலும் குறை காணவில்லை.

மதினியை முதன்முறை உள்ளே அனுப்பியபோது நடந்ததை நான் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். இரவுப் பணியில் இருந்த பிரதர் கையுறையை மாற்றிக்கொண்டு, டேப்பை மெதுவாக உரித்து, கட்டைவிரலால் அண்ணனின் வலது இமையை மேலே தூக்கிப் பிடித்தார். மதினியை அந்தக் கண்ணுக்கு நேராக வந்து நிற்கச் சொன்னார். கருவிழியைத் திருப்ப முடியாத நோயாளிக்கு எதிரே வந்து நின்றால்தானே முகம் தெரியும். மதினி என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றபோது, "வீட்டுல பேசுததயே பேசுங்க மதினி" என்றார். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டதையும், நடவு தாமதமாகாமல் கொழுந்தன் பார்த்துக்கொள்வதையும் அவர் சொல்லச் சொல்ல, மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறி, பிறகு இறங்கி நிதானப்பட்டது. அதற்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் குணமான பிறகு, கால்வாய்த் தண்ணீர்ச் செய்தியை நாங்கள் சொல்லாமலேயே தெரிந்துவைத்திருந்தார்.

பார்க்க வந்த உறவினர்களையும் செவிலியர்கள்தான் நெறிப்படுத்தினார்கள். நம் ஊர்ப்பக்கம் படுக்கையருகே நின்று நெஞ்சில் அடித்து அழுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. அத்தை ஒருவர், "எம்புள்ள பொழைக்க மாட்டானே" என்று தொடங்கியதும் சிஸ்டர் அவரைத் தோளோடு அணைத்து வெளியே அழைத்துவந்து, "அவியளுக்கு எல்லாம் கேக்கும்மா. அழுகைய இங்க அழுதுட்டு, உள்ள போயி தைரியம் சொல்லுங்க" என்றார். யாரையும் விரட்டாமல், மனம் நோகாமல், காரியமும் கெடாமல் அதைச் செய்தார். அம்மா கொண்டுவந்த நெல்லையப்பர் கோயில் திருநீற்றைத் தடுக்காமல், கையைக் கழுவச் சொல்லி, குழாய்ப் பக்கம் உதிராதபடி நெற்றியில் துளியளவு மட்டும் இடச் சொன்னதும் இதே சிஸ்டர்தான்.

வலது கால் பெருவிரல் முதலில் அசைந்தது. அன்றிலிருந்து ஒருமுறை அசைத்தால் ஆம், இருமுறை அசைத்தால் இல்லை என்று வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் காட்டிச் சொல்லைக் கூட்டும் அட்டை உண்டு. தமிழின் 247 எழுத்துகளுக்கு அது ஒத்துவராது என்பதால், வலி, தாகம், சளி, குளிர், திருப்பு, வெளிச்சம், வீட்டார் என்று சொற்களையே பெரிதாக எழுதிய அட்டையை அங்கே தாங்களாகவே தயாரித்து வைத்திருந்தார்கள். அண்ணன் அதிகமாகத் தெரிவுசெய்தது வெளிச்சம். தலைக்கு நேர்மேலே இரவெல்லாம் எரிந்த குழல்விளக்கு அவரை வாட்டியிருக்கிறது. கேட்ட அன்றே அதை அணைத்துப் பக்கவாட்டு விளக்கை மட்டும் எரியவிட்டார்கள். தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு உறக்கம் கெட்டுச் சித்தக்குழப்பம் வருவது மிகச் சாதாரணம் என்பதால், இது சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஒரு ரூல் போட்ட நோட்டை வாங்கித் தினமும் நடப்பதை எழுதிவைக்கும்படி அவர்களே சொன்னார்கள். டென்மார்க், நார்வே, சுவீடன் போன்ற நோர்டிக் நாடுகளில் தொடங்கிப் பரவிய வழக்கமாம் இது. நாங்கள் எழுதிய பக்கங்களுக்கிடையே செவிலியர்களின் கையெழுத்திலும் சில வரிகள் இருக்கின்றன: "இன்று அரைமணி நேரம் மெஷின் துணை குறைத்தோம். நீங்களே மூச்சு இழுத்தீர்கள். வியர்த்தது, ஆனால் பயப்படவில்லை." வீட்டுக்கு வந்தபின் அண்ணன் தன் நினைவில் விட்டுப்போன நாட்களை அந்த நோட்டைப் படித்தே கோத்துக்கொண்டார்.

இனி குறைகள். பார்வை நேரம் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், தலைக்குப் பத்து நிமிடம் மட்டுமே. குடும்பத்தார் அருகில் இருப்பதற்கு நெகிழ்வான நேரம் தரவேண்டும் என்று அமெரிக்காவின் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2017இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. கிருமித்தொற்றைக் காரணம் காட்டி வாசலை அடைத்துவைக்கும் நிர்வாகம், அதே வாசலில் கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இரவில் வென்டிலேட்டரில் இருந்த மூவரை ஒரே செவிலியர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதே முறை. அவர்கள் அத்தனை பொறுமையாக இருந்தது அவர்களுடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை நம்பி ஆள் குறைப்பது சரியல்ல.

மருத்துவர் நிலவரம் சொல்லும் இடம் லிப்ட் வாசல். ஆலங்குளத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வந்தவர்கள் சுற்றி நிற்க, அவரவர் வீட்டுத் துயரம் எல்லோர் காதிலும் விழும்படி, "சப்போர்ட்டில்தான் இருக்கார், வைட்டல்ஸ் ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். அதன் பொருளை ஒவ்வொரு நாளும் சிஸ்டர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கழுத்து இரத்தநாளத்தில் குழாய் போடுவதற்கான ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. மதினி வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள். காத்திருப்புக் கூடத்தில் இரும்பு நாற்காலிகள். தரையில் விரிப்பு விரித்தால் காவலாளி எழுப்புவார். பெண்களுக்கான கழிப்பறைக்கு இரண்டு மாடி இறங்க வேண்டும். நள்ளிரவில் மருந்துச் சீட்டை நீட்டும்போது குடும்பத்தில் ஒருவர் அங்கே இருந்தே ஆகவேண்டும் என்பவர்கள், அந்த ஒருவர் தலைசாய்க்க ஓர் இடத்தைத் தரக் கடமைப்பட்டவர்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. எங்களிடம் அட்டை இருந்தும், கவுண்டரில் அதைப் பற்றிக் கேட்டதே முன்பணம் கட்டிய பிறகுதான். சேர்க்கும் அன்றே குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போய், எந்தச் சிகிச்சை திட்டத்துக்குள் வரும் என்று காப்பீட்டு அலுவலரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது என்பதையும், முதலில் அங்கே போனதால்தான் எங்கள் அண்ணன் பிழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துப் பெயர்களும் மறுபரிசோதனைத் தேதியும் மட்டும் இருந்தன. தசைகள் இளைத்து மாடிப்படி ஏற முடியாமல் போகும் என்றோ, இரவில் இயந்திரத்தின் ஓசை கேட்பதுபோல் திடுக்கிட்டு விழிப்பார் என்றோ, உடனிருந்து பார்த்த மனைவிக்கும் உறக்கம் கெடும் என்றோ அதில் ஒரு வரியும் இல்லை. தீவிர சிகிச்சையிலிருந்து மீள்பவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் இவை மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியவை என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர், பணி முடிந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகும் நின்று பேசிய அந்த இரவுப் பணிப் பிரதர்தான். எத்தனை நாளில் எவ்வளவு நடக்க வேண்டும், ஊதிப் பழகும் கருவியை எப்போது பயன்படுத்த வேண்டும், என்ன தெரிந்தால் உடனே திரும்பி வரவேண்டும் என்பதையெல்லாம் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார். நிர்வாகம் அந்தத் தாளை வாங்கி அப்படியே அச்சிட்டு, அந்தப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.